பட்டுவுக்கு யார் ரத்தம்?

"உன் பூனை ராஜா மாதிரி ஜன்னல்ல உட்கார்ந்திருக்கு. என் பூனை செத்துக்கிட்டிருக்கு. அதுகிட்டேயிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்க உனக்கு மனசு வரலே. அவ்வளவுதானே?"

சின்னவள் கத்தியது வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். யாருடைய நாயோ குரைத்து ஓய்ந்தது.

சின்னவளின் அக்காதான் அந்த மிருக டாக்டர். மேஜைமேல் கிடந்த பட்டுவின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்துக் காகிதமாக இருந்தது. காலையிலிருந்து முக்கி முக்கியும் குட்டி வெளியே வரவில்லை. ரத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கூடையில் விரித்திருந்த துண்டு நனைந்து கனத்துக் கிடந்தது.

"டிரிப் ஏறட்டும். கையை எடு, அதை அமுக்காதே" என்றாள் டாக்டர்.

"நான் ஒண்ணும் அமுக்கலே. என் பூனையை எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும்."

அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பேசி மாதக்கணக்காகிவிட்டது. போன வாரம்கூட பேருந்து நிறுத்தத்தில் எதிரெதிரே வந்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு போனவர்கள்தான். இன்று வேறு வழியில்லாமல்தான் சின்னவள் இந்த வாசற்படியை மிதித்திருக்கிறாள். பட்டுவைப் பார்க்கத் தெரிந்த வேறு டாக்டர் பக்கத்தில் இல்லை.

பகையெல்லாம் பட்டுவின் முதல் பிரசவத்தில் தொடங்கியது. நன்றாகப் பிறந்த குட்டிகள், பிறந்த சில நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு செத்தன. குட்டிகளுக்குப் படுக்கத் துணி வெளுத்துக் கொடுத்தது அண்ணி. சலவைக்கடை நடத்துகிறவள். 'துணியில இருந்த மருந்துதான் கொன்னுது. எனக்கு நல்லது நடந்தா இவளுக்குப் பொறுக்காது' என்று சின்னவள் சொந்தபந்தம் முழுக்கப் பரப்பினாள். கடை வாசலில் நின்று 'கொலைகாரி' என்று கத்திவிட்டும் வந்தாள்.

அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மனைவியைப் பார்த்து, "நீ அந்தத் துணியை நல்லா அலசினியா, இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அண்ணி வீட்டைவிட்டு வெளியேறினாள். கடைக்கு மேலே உள்ள அறையில் தனியாக இருக்கிறாள். போகும்போது, அந்த வீட்டில் வளர்ந்த, பட்டுவோடு கூடப்பிறந்த ஆண் பூனையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குத் தடியன் என்று பேர்.

இதில் டாக்டர் செய்த குற்றம் ஒன்று உண்டு. குட்டிகள் செத்ததாகப் போன் வந்தபோது, "மூத்திரம் என்ன நிறத்தில போச்சு?" என்று கேட்டாள்.

"விஷம் வச்சுக் கொன்னுட்டாங்கன்னு அழுதுக்கிட்டிருக்கேன், நீ மூத்திரத்தைக் கேட்கிறியா?" என்று சின்னவள் போனை வைத்துவிட்டாள். அதற்குள் குட்டிகளைப் புதைத்தும் ஆயிற்று. பட்டுவை ஒருதரம் கொண்டுவந்து காட்டு, ரத்தம் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியபோது, 'அண்ணிக்கு வக்காலத்து வாங்குறா' என்று பதில் வந்தது. அண்ணியோ வேறு விதமாகத் திட்டினாள். 'துணியில ஒண்ணும் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலியா?' டாக்டர், 'பார்க்காம எதையும் சொல்ல முடியாது' என்றாள். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் அவளுக்குக் கதவு சாத்திக்கொண்டது.

இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது, கத்திக்கொண்டு.

"ரத்தம் ஏத்தினாதான் ஆபரேஷன் பண்ண முடியும்னு நீதானே சொன்னே? அப்புறம் என்ன யோசனை?"

டாக்டர் ஒரு சிறிய அட்டையைப் பிரித்து, பட்டுவின் காலில் எடுத்த ரத்தத்தை அதில் சொட்டு விட்டாள். "வகை பார்க்காம ஏத்த மாட்டேன்."

"வகையா? அது என்ன மனுஷனா?"

"மனுஷனைவிட மோசம். பூனையில ஏ, பி, ஏபின்னு இருக்கு. எல்லாருக்கும் பொதுவா குடுக்கிற ரத்தம்னு ஒண்ணு கிடையாது. ஜன்னல்ல இருக்கிறவன் ஏ. நிறையப் பூனைங்க ஏ வகைதான். ஆனா பட்டு ஜாதியில பி நிறைய வரும். பி பூனைக்கு ஏ ரத்தம் கொஞ்சம் போனாலே அதோட உடம்பு அதை எதிரின்னு அடிச்சு உடைச்சிடும். நான் ஊசியைக் கழட்டுறதுக்குள்ளே செத்துடும்."

"எனக்குப் பாடம் எடுக்காதே. நேரம் போகுது."

மாப்பிள்ளை அதுவரை சுவரோரமாக நின்றிருந்தார். சின்னவளின் கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கையில் எண்ணெய்க் கறையோடு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். "டாக்டரக்கா, இந்தச் சோதனையெல்லாம் கண்டிப்பா வேணுமா? ஆபத்துக்குப் பாவமில்லேன்னு..." என்று இழுத்தார்.

"பாவம் புண்ணியம் இல்லே மாப்பிள்ளை, இது ரத்தம்."

அட்டையில் சிவப்பு கோடாகத் தெளிந்து வந்தது. டாக்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ இறுகி, மறைந்தது.

"பி."

மாப்பிள்ளை சுவரிலிருந்து விலகி, மறுபடி சுவரில் சாய்ந்தார்.

"சரி, அப்போ பி பூனை ஒண்ணைக் கூப்பிடு" என்றாள் சின்னவள்.

"கூப்பிட்டா வந்துடுமா? எனக்குத் தெரிஞ்ச பி பூனை இந்தப் பக்கத்தில ஒண்ணும் இல்லே. பையில அடைச்சு விக்கிற சரக்கும் இல்லே இது. கூடப்பிறந்தது ஏதாவது இருந்தா அதுவும் பியா இருக்க வாய்ப்பிருக்கு."

சொல்லி முடிக்கும் முன்பே டாக்டருக்கும் புரிந்துவிட்டது, சின்னவளுக்கும் புரிந்துவிட்டது. 

"அண்ணிகிட்டே நான் போக மாட்டேன்" என்றாள் சின்னவள்.

"நான் போன் போட்டா எடுக்க மாட்டாங்க. இங்கேயிருந்து நான் நகர்ந்தா பட்டு போயிடும். நீ போறியா, மாப்பிள்ளை போறாரா?"

"நான் வேணாம்" என்றார் மாப்பிள்ளை அவசரமாக. "என்னைப் பார்த்தா அவங்களுக்குக் கோபம் அதிகமாகும்."

சின்னவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். வண்டிச் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

*

சலவைக்கடையில் நீராவி மண்டிக் கிடந்தது. மேலே கம்பி நிறையச் சட்டைகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் குத்திய துண்டுச் சீட்டு. பெரிய இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்று ஒரு கோட்டின் தோள்பட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள். துணி வாங்க வந்த இருவர் முன்னால் நின்றார்கள்.

சின்னவளைப் பார்த்ததும் அண்ணியின் கை நின்றது. பிறகு மறுபடி அழுத்த ஆரம்பித்தது.

"கடை திறந்திருக்குன்னு வந்தியா? இன்னிக்கு வாசல்ல நின்னு கத்துறதுக்கு என்ன பேர் வச்சிருக்கே?"

"பட்டு செத்துக்கிட்டிருக்கு."

"அச்சச்சோ. இந்தத் தடவை நான் துணி எதுவும் குடுக்கலியே."

துணி வாங்க வந்தவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர் கேட்பதற்கு வசதியாக இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார்.

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ரத்தம் போவதை, வகை பார்த்ததை, தடியன் ரத்தம் மட்டும்தான் சேரக்கூடும் என்று அக்கா சொன்னதை. சொல்லும்போதே அவள் கண் கடைக்குள் தேடியது. தடியன் வெளுத்த படுக்கை விரிப்புகளின் அடுக்குமேல் மலைபோலப் படுத்திருந்தான். பட்டுவின் அதே சாம்பல் நிறம், அதே உருண்டை முகம். சின்னவளைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டான்.

"கொலைகாரி வீட்டுப் பூனை ரத்தம் உன் பூனைக்கு ஆகுமா?" என்று கேட்டாள் அண்ணி. "அதிலேயும் மருந்து கலந்திருக்கப் போகுது."

"நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். தடியனைக் குடுங்க."

"முதல்ல ஒண்ணு சொல்லு. நான்தான் அந்தக் குட்டிங்களைக் கொன்னேன்னு இப்பவும் நினைக்கிறியா?"

ஆமாம் என்றால் பூனை கிடைக்காது. இல்லை என்று ஒரு வார்த்தை பொய் சொன்னால் கிடைத்துவிடும். சின்னவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை. இந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"ஆமா" என்றாள். "நினைக்கிறேன்."

இயந்திரம் சுற்றி நின்றது. அந்த அமைதியில் அண்ணி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

"நினைச்சுக்கிட்டே வந்து கேட்கிறே?"

"நினைச்சுக்கிட்டேதான் கேட்கிறேன். எனக்கு வேற வழி இல்லே."

"உங்க குடும்பத்திலே நீ ஒருத்திதான் முகத்துக்கு நேரா பேசுறே. உங்க அண்ணன் இருக்காரே, ஒரு கேள்வி கேட்டுட்டு, இத்தனை மாசமா அதுக்கு நானே பதில் சொல்லணும்னு உட்கார்ந்திருக்காரு." அண்ணி வேலை அங்கியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "கூடையை எடு. இல்லே, நீ தொடாதே. அவனை நானே தூக்கிட்டு வரேன். ஊசி குத்துற வரைக்கும் அவன் என் கையிலதான் இருப்பான். அவனுக்கு ஒரு சின்ன ஆபத்துன்னாலும் உன்னையும் உங்க டாக்டரையும் சும்மா விடமாட்டேன்."

"சரி."

"சரின்னு என்கிட்டே சொல்லாதே. பிடிக்கலே."

வண்டியில் போகும்போது அண்ணி கூடையை மடியில் வைத்திருந்தாள். கூடைக்குள் தடியன் மட்டும் வழி நெடுகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான்.

*

தடியனின் அட்டையிலும் கோடு பி என்றே தெளிந்தது. அதோடு அந்த அட்டைகள் தீர்ந்துபோயின. இருந்த இரண்டும் இதற்கே போயின. இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து, கட்டி தட்டுகிறதா என்று வேறு ஒருமுறை பார்த்துக்கொண்டாள் டாக்டர். தட்டவில்லை.

"மயக்கம் லேசாத்தான் குடுக்கிறேன்" என்றாள் அண்ணியிடம். "கழுத்துல இருந்து எடுக்கணும். நீங்க பிடிச்சுக்கிறீங்களா?"

"நான் பிடிக்காம உன்னை நம்பி விட்டுடுவேனா?"

தடியனின் கழுத்து முடியை மழித்தார்கள். அவ்வளவு பெரிய பூனைக்குள் அவ்வளவு சின்ன நரம்பு. ஊசிக்குழாயில் ரத்தம் மெல்ல ஏறியது. அண்ணி அவன் காதோரம் குனிந்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். யாரையோ வைவது போலத்தான் இருந்தது.

அந்த ரத்தம் பட்டுவின் காலுக்குள் சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பித்தபோது, டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பட்டுவின் மூச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் சில நிமிடங்கள்தான் பயம். வாந்தி வரவில்லை. நடுக்கம் வரவில்லை. வெளுத்த ஈறில், யாரோ நாணத்தோடு பூசியது போல, இளஞ்சிவப்பு ஏறியது.

"இப்போ எல்லாரும் வெளியே" என்றாள் டாக்டர். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

வெளியே ஒரே பெஞ்சுதான். சின்னவள் ஒரு முனையில், அண்ணி மறுமுனையில், நடுவே கூடைக்குள் மயக்கம் தெளியாத தடியன். மாப்பிள்ளை உட்காரவே இல்லை. போனை எடுத்தார், வைத்தார், வாசலுக்குப் போனார், வந்தார்.

"உட்காருங்களேன் தம்பி" என்றாள் அண்ணி. "லிஃப்ட் மாதிரி போயிட்டுப் போயிட்டு வர்றீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கதவு திறந்தபோது நர்ஸின் கையில் துணியில் சுற்றிய இரண்டு குட்டிகள் இருந்தன, நனைந்த எலிகள்போல. மூன்றாவது பிறக்கும்போதே இறந்திருந்தது. பட்டு பிழைத்துவிட்டது. உள்ளே படுக்கையில், வயிற்றில் தையலோடு, கனவில் போல வால் நுனியை அசைத்தது.

சின்னவள் அழவில்லை. நேராக ஒரு குட்டியை வாங்கினாள். பழகின கை. பட்டுவின் பக்கத்தில் கொண்டுபோய், குட்டியின் வாயை விரலால் திறந்து, மடியில் வைக்கப் போனாள்.

"வைக்காதே!"

டாக்டர் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. சின்னவளின் கை அந்தரத்தில் நின்றது. டாக்டர் குட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன பண்றே நீ? பசிக்குது அதுக்கு!"

"பசிக்கட்டும். புட்டியில குடுக்கலாம். இன்னிக்கு முழுக்க இதுங்க தாய்ப்பால் குடிக்கக் கூடாது. ஒரு சொட்டு கூட."

"சீம்பால் குடிக்காத குட்டி தேறுமா? எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியாது!" டாக்டர் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பட்டு பி. இதுங்க அப்பன் ஏ வகையா இருந்து, இதுங்களும் அப்படியே இருந்தா, அந்தச் சீம்பால்தான் விஷம். ஏ ரத்தத்தை உடைக்கிற சமாச்சாரம் அவ்வளவும் அந்தப் பாலில இருக்கும். முதல் நாள் குட்டியோட குடல் அதை அப்படியே உள்ளே விட்டுடும். உள்ளே போய் குட்டி ரத்தத்தை உடைச்சுடும். மூத்திரம் சிவப்பா, கறுப்பா போகும். வால் நுனி கருகும். பால் குடிக்காம சுருண்டு படுக்கும். செத்துடும். ஒரு நாள் தாண்டிட்டா குடல் அதை விடாது, அப்புறம் எவ்வளவு வேணா குடிக்கலாம்."

சின்னவள் கையைத் தொங்கவிட்டாள். வெற்றுக் கை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுப்பாத்தான் போச்சு" என்றாள். "தேயிலைத் தண்ணி மாதிரி. நான் துணியில இருந்து சாயம் போகுதுன்னு நினைச்சேன்."

நர்ஸ் தன் கையிலிருந்த குட்டியை இன்னும் நெருக்கமாகத் துணியில் சுற்றினாள்.

"குடிக்கலேக்கா, அதுங்க. முதல் நாள் சாயங்காலமே சோர்ந்துடுச்சுங்க. பால் குடிச்சா தெம்பு வரும்னு நான்தான்... எழுப்பி எழுப்பி... வாயைத் திறந்து... நானேதான் வச்சேன்."

அவள் சரிந்து உட்கார்ந்தாள். டாக்டர் அவள் தோளைத் தொடப் போய், குட்டியை ஏந்திய கையால் தொட முடியாமல் நின்றாள்.  அன்று போனில் அந்த ஒரு கேள்வியோடு விட்டிருக்கக் கூடாது. வண்டியெடுத்துப் போயிருக்கலாம், வாசலில் நின்று கத்தியிருக்கலாம். 'பார்க்காம சொல்ல முடியாது' என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டாள்.

அண்ணி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் துணி?" என்றாள்.

"உங்க துணியில ஒண்ணும் இல்லே அண்ணி" என்றாள் டாக்டர்.

"இப்போ பார்த்துட்டியா? இப்போ சொல்ல வாய் வருதா?"

டாக்டர் தலை குனிந்தாள்.

சின்னவள் தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தாள். "அண்ணி, நான்..."

"வேணாம்." அண்ணி கையை நீட்டித் தடுத்தாள். "இந்த அறைக்குள்ளே, நாலு சுவத்துக்கு நடுவுல, காதோட காதா எனக்கு எதுவும் வேணாம். நீ கத்தினப்போ எங்கே நின்னு கத்தினே? எவ்வளவு பேர் கேட்டாங்க?"

"அங்கேயே வந்து சொல்றேன்."

"சொல்லு. அப்பவும் மன்னிக்கிறேனான்னு எனக்குத் தெரியாது. உங்க அக்கா மாதிரி சொல்றதுன்னா, பார்க்காம எதையும் சொல்ல முடியாது."

*

டாக்டருக்குக் குட்டிகள் ஏயா பியா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அப்பனும் பி என்றால் குட்டிகளும் பிதான். தாயிடமே விட்டுவிடலாம், இந்தப் புட்டிப் பாடெல்லாம் வேண்டாம். சோதிக்க அட்டை இல்லை.

"எந்த ஆண் பூனையோட சேர்த்தீங்க?" என்று கேட்டாள்.

"போன தடவை மாதிரியேதான். அதே ஆண் பூனை" என்றாள் சின்னவள். "கொண்டுபோனதெல்லாம் இவருதான். நான் வீட்டிலேயே இருந்துட்டேன்."

"அதோட சொந்தக்காரர் நம்பர் குடுங்க மாப்பிள்ளை."

"அவர் இப்போ எடுக்க மாட்டாரு" என்றார் மாப்பிள்ளை. "வேலையில இருப்பாரு. எதுக்கு அவரைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? இன்னிக்கு ஒரு நாள்தானே, புட்டியிலேயே குடுத்துட்டாப் போச்சு."

"என்கிட்டே நம்பர் இருக்கு" என்றாள் சின்னவள். போனை எடுத்து, அழைத்து, அக்காவின் கையில் குட்டி இருந்ததால், ஒலிபெருக்கியைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

மறுமுனையில் உடனே எடுத்தார்கள். வயதான குரல், உற்சாகமான குரல். டாக்டர் தான் யாரென்று சொல்லிவிட்டு, "உங்க ஆண் பூனைக்கு ரத்த வகை பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பார்க்காம இருப்பேனா டாக்டர்? ஏ. சுத்தமான ஏ. நான் யார் பூனையைக் கொண்டு வந்தாலும் முதல்ல அதைத்தான் சொல்வேன். போன தடவையே அந்தத் தம்பிகிட்டே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. உங்க பூனைக்கு ரத்தம் பாருங்க, பி வகைன்னு வந்தா சேர்க்காதீங்க, அப்படியே சேர்த்தாலும் குட்டிங்களுக்கு முதல் நாள் பால் குடுக்காதீங்கன்னு. பார்த்துட்டோம், ஏ வகைதான்னு சொன்னாரே. இந்தத் தடவையும் அதைத்தானே சொன்னாரு? ஏன், ஏதாவது ஆச்சா?"

"இல்லே" என்றாள் டாக்டர். "அப்புறம் பேசுறேன்."

யார் போனை அணைத்தது என்று யாருக்கும் நினைவில்லை.

சின்னவள் எழுந்து நின்றாள். "உங்ககிட்டே சொன்னாரா?"

"ஏதோ சொன்னாரு..." மாப்பிள்ளை கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்தார். "எல்லாரும் ஏதாவது சொல்வாங்க. பூனைக்கெல்லாம் போய் ரத்தம் பார்க்கிறதான்னு..."

"சரி, அப்போ தெரியாது. செத்தப்புறம்?"

அவர் மறுபடி கறையைத் தேய்த்தார்.

"குட்டிங்க செத்தப்புறம் உங்களுக்கு ஞாபகம் வந்துச்சா இல்லியா? நான் அண்ணி கடை வாசல்ல நின்னு கத்தினப்போ, வண்டியை ஓட்டிக்கிட்டு வந்ததே நீங்கதானே? பக்கத்திலேயே நின்னீங்களே!"

"நீ இருந்த நிலைமையில நான் எப்படிச் சொல்றது? நான்தான்னு சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? அண்ணி எப்படியும் சமாளிச்சுப்பாங்கன்னு..."

அண்ணி சிரித்தாள். சிரிப்பா என்று டாக்டருக்கு ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

"சமாளிச்சேன் தம்பி. நல்லாவே சமாளிச்சேன். கடைக்கு மேலே ஒத்தை அறையில, பகலெல்லாம் நீராவி ஏறி ராத்திரியெல்லாம் அந்தப் புழுக்கத்திலே சமாளிச்சேன்."

"அண்ணி, வீட்டுக்குப் போய் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கலாம். இங்கே எதுக்கு..."

"எந்த வீட்டுக்கு?" என்றாள் அண்ணி. "எனக்குத்தான் வீடு இல்லையே."

மாப்பிள்ளை வண்டிச் சாவியைத் தேடிப் பையைத் தடவினார். சாவி சின்னவளிடம் இருந்தது. அவள் அதை இறுக்கி மூடியிருந்தாள், கொடுக்கவில்லை.

குட்டி கீச்சென்றது. டாக்டர் நர்ஸைப் புட்டி கலக்கச் சொல்லிவிட்டு, குட்டியைத் தங்கையின் கையில் வைத்தாள். "ஊட்டு. கை நடுங்காம ஊட்டு. மத்ததெல்லாம் அப்புறம்." சின்னவள் வாங்கிக்கொண்டாள். கணவரின் முகத்தை அவள் அதன்பின் பார்க்கவில்லை.

அண்ணி போனை எடுத்தாள். வீட்டை விட்டு வந்ததிலிருந்து அழைக்காத எண். மறுமுனையில் ஒரே மணியில் எடுத்துவிட்டது எல்லாருக்கும் தெரிந்தது.

"நான்தான். ...இல்லே, எனக்கு ஒண்ணும் இல்லே. உன் தங்கச்சி கிளினிக்குக்கு வா. ...சமாதானமா? அதுக்காக உன்னைக் கூப்பிடலே. அப்படி எதுவும் நினைச்சுக்கிட்டு வராதே. உன் மாப்பிள்ளை உன்கிட்டே ஒரு விஷயம் சொல்லணுமாம். நான் துணியை அலசினேனா இல்லையான்னு கேட்டியே, அது சம்பந்தமா."

போனை வைத்தாள். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து, அறையின் ஒரே கதவுக்குக் குறுக்கே போட்டு, தடியனின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க அண்ணி" என்றார் மாப்பிள்ளை. "நான் வெளியே போய்..."

"நில்லுங்க" என்றாள் அண்ணி. "அவர் பக்கத்திலதான் இருக்காரு."